மீரா சாகிப் வகுத்த ஆரோக்கியம்

கயிற்றுக்கடை மீரா சாகிபுக்கு டாக்டர் சொன்னது பிடிபடவேயில்லை. மகள் ஹமீதாவுக்குப் பேசியிருந்த சிக்கந்தருக்கு மூச்சு இழுப்பு உண்டாம். ஆனாலும் ஆள் ஆரோக்கியமாம். நோயும் இருக்கு, ஆரோக்கியமும் இருக்கு என்றால் என்ன கணக்கு என்று சூலியா தெரு முழுக்கப் புலம்பித் தீர்த்தார்.

மூத்த மகள் கல்யாணமான ஒரே வருஷத்தில் வெள்ளைச் சேலையோடு வீடு திரும்பியவள். இளையவளுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாதே என்று தகப்பன் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஹமீதாவோ கட்டினால் சிக்கந்தரைத்தான் என்று பிடிவாதமாக நின்றாள்.

கடைசியில் அவரே ஓர் இலக்கணம் வகுத்தார். பந்தியில் உட்கார்ந்தால் வெளுத்துக்கட்ட வேண்டும், கை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆரோக்கியம். இதற்கு எதற்கு டாக்டர்?

ஜெலுத்தோங்கில் ஒரு கந்தூரி விருந்து வந்தது. நெய்ச்சோறு குவித்த சகன் தட்டு ஒன்றைச் சுற்றி நாலு பேர். மீரா சாகிப் வேண்டுமென்றே சிக்கந்தருக்கு எதிரே அமர்ந்து, அவன் வாயையே பார்த்தார். அந்தப் பாவி மகனோ முறை தெரிந்தவன். நல்ல கறித்துண்டையெல்லாம் பெரியவர் பக்கம் ஒதுக்கினான். மற்ற இருவரும் ஒதுக்கினார்கள். வேவு பார்க்கும் மும்முரத்தில் மனிதர் வந்ததையெல்லாம் உள்ளே தள்ளிவிட்டார்.

பந்தி முடிந்து சிக்கந்தர் சுளுவாக எழுந்தான். மீரா சாகிபால் கையை ஊன்றியும் எழ முடியவில்லை. மூச்சு முட்டியது, வியர்த்துக் கொட்டியது. கதை முடிந்தது என்றே நினைத்துவிட்டார்.

சிக்கந்தர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினான். "பயப்படாதீங்க மாமா. முன்னால குனிஞ்சு, வாயைக் குவிச்சு மெதுவா ஊதுங்க." அவனும் கூடவே ஊதினான். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு லேசாயிற்று.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டார். தனக்கு இழுப்பு வந்தால் இப்படித்தான் உட்கார்ந்துவிடுவதாகவும், அது அடங்கியதும் எழுந்து துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விடுவதாகவும் அவன் சொன்னான்.

"அப்ப உனக்குப் பயமே இல்லையாலா?"

"முந்தி இருந்துச்சு மாமா. இப்ப நீங்க ஹமீதாவைத் தரமாட்டீங்களோன்னுதான் பயம்."

மீரா சாகிபுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே பெரிய ஏப்பமும் வந்தது. பந்தியே சிரித்தது. அவன் தோளைப் பிடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் அதில் போட்டு எழுந்தார். தோள் அசையவில்லை.

"ரிக்‌ஷாவை நம்ம வீட்டுக்கு விடச் சொல்லு மாப்பிள்ளை," என்றார். "ஒன் மாமிகிட்ட நாள் குறிக்கச் சொல்லணும்."