மலை திருப்பிக் கொடுத்த ஆண்டு விழா

போடிநாயக்கனூர் ஆண்கள் பள்ளியின் பேண்டு வாத்தியக் குழு 1998 ஜூன் மாதம் மைதானத்தில் வாசித்துப் பழகியதை, மேற்கு மலை 2024 ஜூன் மாதம் திருப்பிக் கொடுத்தது. எதிரொலி என்றால் வாயை மூடுவதற்குள் வந்துவிட வேண்டும் என்று படித்தவர்களுக்கு இது கொஞ்சம் தாமதமாகத் தோன்றலாம். மலை பெரியது, அதற்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று ஊர் எடுத்துக்கொண்டது. முதல் நாள் மாலை நாலு மணிக்குக் கடைசி மணி அடித்துப் பையன்கள் சைக்கிளை உருவிக்கொண்டிருந்தபோது, போடிமெட்டுப் பக்கமிருந்து டிரம்மும் பியூகிளும் கேட்டன. ஏதோ கட்சி ஊர்வலம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் மூன்றாவது வரியில் ஒரு பியூகிள் சுருதி தப்பிக் கன்றுக்குட்டி மாதிரி கத்தியதும், பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்த நாற்பது வயது தாண்டிய ஆண்கள் நாலைந்து பேர் கிளாசைக் கீழே வைத்துவிட்டார்கள். அது அவர்களுக்குத் தெரிந்த தப்பு. பக்கத்துப் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிடிக்கப் போகிறார்கள் என்று பல வருடம் பேச்சு நடந்த ஊர் இது. மலை தானாகவே எதையோ பிடித்து வைத்திருந்ததில் யாருக்கும் பெரிய அதிர்ச்சி இல்லை.

அந்தப் பேண்டில் பெரிய டிரம் அடித்தவன் ஐசக். இப்போது அவன் ஏலக்காய் வியாபாரி, தொப்பையும் மூக்குக்கண்ணாடியும் வைத்தவன். தன் குடோனில் சாம்பிள் காயை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நின்றவனுக்கு, பதினேழு வயதில் தான் அடித்த அடி காதில் வந்து விழுந்ததும் கை தானாக மூட்டையின் மேல் தாளம் போட்டது. அழுகை வந்தது. வேலையாட்கள் பார்க்கிறார்கள் என்று ஏலக்காய்த் தூசியின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பள்ளியில் பாடம் கிடையாது. ஒவ்வொரு பையனும் ஏதாவது ஒன்றில் இருந்தே ஆக வேண்டும். பாடத் தெரியாதவன் சாரணர் படைக்குப் போனான், கயிற்றில் முடிச்சுப் போட வராதவன் அறிவியல் மன்றத்தில் தவளையைத் தேடினான், எதற்குமே லாயக்கில்லை என்று கைவிடப்பட்டவனுக்கு நாடகத்தில் திரை இழுக்கும் உத்தியோகம் கிடைத்தது, அவனும் வருடக் கடைசியில் சான்றிதழ் வாங்கினான். பிறகு மதிப்பெண் காலம் வந்தது. வெள்ளிக்கிழமை மதியங்களைத் தேர்வுகள் தின்றன. பேண்டு அறையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கினார்கள். டிரம் இருக்கும் பீரோவின் சாவி எங்கே என்று கேட்டால் பழைய பியூனைக் கேள் என்பார்கள், பழைய பியூன் காலமாகிப் பல வருடம் ஆகியிருந்தது.

மலை வரிசை தப்பாமல் கொடுத்துக்கொண்டே வந்தது. ஆகஸ்டில் அறிவியல் மன்றத்தின் கார்பைடு பீரங்கி வெடித்து, சுப்புராஜ் நகர் வரை நாய்கள் குரைத்தன. பேச்சுப் போட்டியில் ஒருவன் "அவையோருக்கு வணக்கம்" என்று கம்பீரமாகத் தொடங்கி அதோடு மறந்துபோனான். அவனுடைய அந்த மௌனத்தையும் மலை குறைக்காமல் திருப்பிக் கொடுத்தது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. இப்போது வக்கீலாக இருக்கும் அவர் மட்டும் அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டார். ஐப்பசி அடைமழையில் வந்த ஒத்திகைகள் கொஞ்சம் நமத்துப்போய் வந்தன. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மலை பேசுவதில்லை, ஏனென்றால் அந்தத் தேதிகள் அந்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமைகள். பெரிய கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் ஹபீப் ரஹ்மான் இதைக் கேட்டு, "மலை ஜும்மாவுக்கு லீவு விடுது மாப்ளே" என்று ஐசக்கிடம் சிரித்தான். அவனும் ஐசக்கும் ஒரே வகுப்பு. ஏலக்காய் ஏலத்தில்கூட டீ இடைவேளையை நாலு மணிக்குத் தள்ளி வைத்தார்கள். காயை முகர்ந்து பார்த்துத் தரையில் வீசிவிட்டு வியாபாரிகள் வாசலுக்கு வந்து நிற்பார்கள், கபடிப் பாட்டு முடிந்ததும் உள்ளே போவார்கள்.

ஐசக் மட்டும் கார்த்திகை பிறந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அவனுடைய குடோனில் முறத்தில் காய் புடைத்துத் தரம் பிரிக்கும் சுப்புத்தாய், ஒரு நாள் சொளகைக் கீழே வைத்துவிட்டு வந்து கேட்டாள்.

"ஏப்பு, ஆண்டு விழா என்னைக்கு வரும்?"

"பிப்ரவரி பன்னெண்டு, ஆத்தா" என்று ஐசக் மூட்டையைப் பார்த்துச் சொன்னான்.

"அன்னைக்கு நான் சோலிக்கு வரமாட்டேன். எம்புள்ள ராசாவாப் பேசுனத நான் இன்னும் கேக்கலேல்ல."

சுப்புத்தாயின் ஒரே மகன் லிங்கேஸ்வரன். ஐசக்கும் ஹபீபும் அவனும் ஒன்றாகத் திரிந்தவர்கள். 1999 ஆண்டு விழாவில் தமிழய்யா எழுதிய நாடகம் போட்டார்கள். மழை பெய்யாத நாட்டில், மழைக்கே கட்டளையிடும் ராஜா ஒருவனைப் பற்றிய நாடகம் அது. முதலில் ராஜா வேஷம் லிங்கேஸ்வரனுக்குத்தான் இருந்தது. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னான், அவள் தெருவெல்லாம் சொன்னாள். விழாவுக்குப் பத்து நாள் முன்பு அவனுக்குக் குரல் உடைந்து கரகரத்துவிட்டது. தமிழய்யா கிரீடத்தைக் கழற்றி ஹபீபின் தலையில் வைத்துவிட்டு, லிங்கேஸ்வரனைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார். அதை வீட்டில் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. சுப்புத்தாய் அப்போது தினமும் விடியுமுன் ஜீப்பு ஏறி மலைத் தோட்டத்துக்குப் போய்வந்தவள். விழா அன்று கடைசிக் காய் எடுப்பு, இறங்கி வர முடியவில்லை. அந்த மே மாதமே போடிமெட்டு வளைவில் ஜீப்பு கவிழ்ந்து லிங்கேஸ்வரன் போய்விட்டான். பந்தலில் உட்கார்ந்திருந்த சுப்புத்தாய், "ராசாவா எப்படி இருந்தான் அப்பு?" என்று ஐசக்கைக் கேட்டாள். "நெசமான ராசா தோத்துப் போவான் ஆத்தா" என்று ஐசக் சொன்னான். வேறு என்னத்தைச் சொல்வான்? அதன் பிறகு மாசி நெருங்கும்போதெல்லாம் அவள் கேட்டாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் உண்மையைச் சொல்ல ஊரில் யாரும் துணியவில்லை, அவனும் அந்தப் பொய்க்கு வருடத்துக்கு ஒரு நகை பூட்டினான். ஒரு வருடம் வாள், ஒரு வருடம் முத்து மாலை, ஒரு வருடம் தலைமை விருந்தினர் எழுந்து நின்று கைதட்டியது. இத்தனை வருடம் அலங்கரித்த பொய்யை மலை ஒரே மாலையில் அவிழ்த்துப் போடப் போகிறது. பிள்ளை செத்ததை ஒரு தரம் தாங்கியவள், அவனுடைய ராஜாங்கமும் போனதை எப்படித் தாங்குவாள்?

ஐசக் ஹபீபின் கடையில் போய் உட்கார்ந்தான். ஹபீபுக்கு அன்றும் இன்றும் அதே குரல், மீட்டர் எவ்வளவு என்று சொன்னால் எதிர்க்கடையில் பேரம் நின்றுவிடும்.

"நாந்தான்னு ஆத்தாவுக்குத் தெரிஞ்சிருமா மாப்ளே?" என்று ஹபீப் கேட்டான்.

"ஒங் கொரலு தெரியாத ஆளு போடியில ஏது?"

"அப்பச் சத்தத்தச் சத்தத்தால அடி. வேற வழி இல்ல."

ஐசக் மைக் செட் மொக்கையனிடம் போனான். 1999 விழாவுக்கும் மைக் செட் மொக்கையனுடையதுதான். புனல் ஸ்பீக்கரைக் கூட்டத்தைப் பார்த்துக் கட்டாமல், வேப்பமரக் கிளை வாகாக இருந்தது என்று மலையைப் பார்த்துக் கட்டிவிட்டு, தமிழய்யாவிடம் வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். ஐசக் மைதானத்துக்கு நாலு பெரிய பெட்டி ஸ்பீக்கர் வேண்டும் என்றான்.

"என்ன விசேசம் தம்பி? காதுகுத்தா?"

"விசேசம்லாம் ஒண்ணுமில்லண்ணே. சத்தம் மட்டும் வேணும். நான் துண்ட ஆட்டுனதும் போடுங்க."

முப்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு ஆர்டர் மொக்கையனுக்கு வந்ததில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் தேதி ஏலம் சீக்கிரம் முடிந்தது, விலையும் கொஞ்சம் இறங்கியிருந்தது. வெயில் நன்றாக அடித்தது, வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. பழைய மாணவர்கள் மதுரையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வந்து மைதானத்தில் நாற்காலிகளை மேடைக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுப்புத்தாய் துவைத்து மடித்த சேலையைக் கட்டிக்கொண்டு, தலையில் பூ மட்டும் இல்லாமல், முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். கடவுள் வாழ்த்து வந்தது, ஆண்டறிக்கை வந்தது, தலைமை விருந்தினர் அன்று பேசிய அதே நீளத்துக்கு இன்றும் பேசினார். ஐந்து மணி வாக்கில் நாடகம் தொடங்கியது. மந்திரி ஏதோ சொல்லி முடித்ததும் ஐசக் துண்டை ஆட்டினான். நாலு பெட்டியிலும் நாதஸ்வரம் அலறியது. மலை கேட்காமல் போயிற்று.

சுப்புத்தாய் எழுந்து மெதுவாக நடந்து மொக்கையனிடம் போனாள். "அய்யா, கொஞ்சம் நிப்பாட்டுய்யா. எம்புள்ள பேசப் போறான்" என்றாள். மொக்கையன் ஐசக்கைப் பார்த்தார். ஐசக் அவள் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்துக்கு முன்னால் இன்னொரு தரம் துண்டைத் தூக்க அவனுக்குக் கை வரவில்லை. நாதஸ்வரம் நின்றது. மலையிலிருந்து ராஜா முழங்கினார்.

"யாரங்கே! மழையை என் முன்னே கொண்டுவந்து நிறுத்துங்கள்!"

சுப்புத்தாய் திரும்பிவந்து நாற்காலியில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இது துணிக்கடைப் பாயி மகனுல்ல?" என்றாள்.

பின் வரிசையில் ஹபீப் தலையைக் குனிந்துகொண்டான். ஐசக் ஓடிவந்து அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தான். "ஆத்தா, அவனுக்குக் கொரலு போயிருச்சு ஆத்தா. ராசா வேசத்த மாத்திட்டாங்க. நாந்தான் ஒங்கிட்ட..." என்று ஆரம்பித்தான்.

"பேசாம இரு அப்பு" என்றாள் அவள். மலையில் தகரத்தை ஆட்டியது போல் ஓர் இடி இடித்தது. ராஜா, "மழையே, வா!" என்று கத்தினார். பிறகு மழை வந்தது.

முதலில் நாலு துளி, ஓட்டின் மேல் விழுகிற மாதிரி. பிறகு சடசடவென்று பிடித்து, சரிவெல்லாம் இறங்கி, ஊரின் மேல் கொட்டோ கொட்டென்று கொட்டியது. சத்தம் மட்டும்தான், ஒரு சொட்டு ஈரம் கிடையாது. ஆனால் மழைச் சத்தம் கேட்டபின் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிற வழக்கம் போடியில் எவனுக்கும் இல்லை, அதற்குள் சரக்கு நனைந்துவிடும். மாடிகளில் மிளகு காயப்போட்டவர்கள் பாயோடு சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். ஏலக்காய் லோடு ஏற்றியிருந்த ஜீப்புகளின் மேல் தார்ப்பாயை இழுத்தார்கள். பெண்கள் கொடித் துணிகளை அள்ளினார்கள். மைதானத்திலேயே பாதிப் பேர் நாற்காலியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெயில் பாட்டுக்குப் பளீரென்று அடித்தது.

சுப்புத்தாய் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் வலது கை விரல்கள் மடியில் எதையோ தட்டத் தொடங்கின. மலையில் மழை வலுத்தபோது விரல்களும் வேகமாகத் தட்டின, மலையில் ஓய்ந்தபோது ஓய்ந்தன. ஒவ்வொரு வீச்சின் கடைசியிலும் மழைக்குள் 'டிங்' என்று ஒரு சின்னத் தகரச் சத்தம் கேட்டதை அவளைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

"எஞ் சொளகு!" என்றாள்.

ஐசக் அவள் மடியை எட்டிப் பார்த்தான்.

"எஞ் சொளகுய்யா! ஓரம் பிஞ்சு போச்சுன்னு பவுடர் டப்பாத் தகரத்த வெட்டி வச்சுத் தச்சது. அந்த வாரம் பூராம் காணோம் காணோம்னு தேடுனேனே... இந்தக் களவாணிப் பயதான் தூக்கிட்டுப் போயிருக்கான்! உள்ள ஏலக்காயப் போட்டுல்ல பொடைக்கிறான். பாரு, எடது கையால கீழ ஒரு தட்டு தட்டுறான். எங்கிட்டப் படிச்சது." அவள் சிரித்தாள், கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஊரே மூட்டையும் பாயுமாக ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். "ராசா கத்துனாரு, ஒருத்தனாவது எந்திரிச்சானா அப்பு? எம்புள்ள ஊரையே ஓட வச்சுட்டானே!"

இருபத்தாறு வருடம் வாளும் முத்து மாலையும் பூட்டிப் பார்த்த ஐசக்குக்கு, திரைக்குப் பின்னால் மைக்குக்கு முன் சொளகோடு குந்தியிருந்த லிங்கேஸ்வரனின் வியர்த்த முகம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவன் எவ்வளவு சந்தோஷமாக இருந்தான் என்பதும் ஞாபகம் வந்தது. அதை ஒரு தரம்கூட அவளிடம் சொல்லாமல் போனோமே என்று தேம்பித் தேம்பி அழுதான். இந்த முறை தூசியின் மேல் பழி போடவில்லை.

மழை நின்றதும் மலையிலிருந்து கைதட்டல் வந்தது. அது முடியும் வரை சுப்புத்தாய் பொறுத்திருந்தாள். பிறகு எழுந்து மொக்கையனின் மைக்கைக் கேட்டு வாங்கினாள். பெட்டிகளை மலைப் பக்கம் திருப்பச் சொன்னாள். மொக்கையன் இந்தத் தடவை வேண்டுமென்றே திருப்பினார்.

"ஏலே லிங்கு! சொளகு கெடச்சிருச்சுடா! வையமாட்டேன், வா!" என்று கூப்பிட்டாள். மலை எப்போதும்போல் வாங்கி வைத்துக்கொண்டது.

அடுத்த வாரம் பீரோவின் பூட்டை உடைத்து டிரம்மை எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை மதியங்களை மறுபடியும் பையன்களிடமே விட்டுவிட்டார்கள். தலைமையாசிரியர் இதற்குப் பெரிய காரணம் எதுவும் சொல்லவில்லை. "பின்னால மலை கேட்டா குடுக்க நம்மகிட்ட ஏதாவது இருக்கணுமில்ல" என்றார், அவ்வளவுதான். இப்போதைய பேண்டிலும் ஒரு பியூகிள் சுருதி தப்புகிறது, அதை யாரும் திருத்துவதில்லை. சுப்புத்தாயின் கூப்பாடு திரும்பி வர வேண்டிய 2051 பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி மாலை பள்ளி மைதானத்தில் வேறு எந்த நிகழ்ச்சியும் வைக்கக் கூடாது என்று இப்போதே தீர்மானம் போட்டிருக்கிறார்கள். ஐசக் அன்று முன் வரிசையில் இடம் கேட்டிருக்கிறான். பக்கத்தில் லிங்கேஸ்வரனுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறான், அம்மா கூப்பிட்டால் அவன் வராமல் இருக்க மாட்டான்.