கைநாட்டுக்காரி

"கொம்பு எங்க அண்ணி? கொம்பு!"

கொழுந்தன் சாப்பாட்டு மேசையில் ஓங்கித் தட்டியதில் டம்ளர் தண்ணீர் தளும்பி நோட்டின் மேல் விழுந்தது. மடிப்புக்காரி பதறிப்போய் கைத்துண்டால் ஒற்றி எடுத்தாள். எழுதியதில் பாதி கரைந்துவிட்டது. நாற்பத்தாறு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்குவது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"மூணு மாசமா அஞ்சே அஞ்சு எழுத்து. அதுவும் சொந்தப் பேரு! வியாழக்கிழமை பதிவு ஆபீசுல போய் இப்படி மொட்டையாப் போட்டா அந்த அதிகாரி என்ன நெனைப்பாரு?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீங்களா? அக்காவுக்குக் கை நடுங்குதுல்ல?" என்று ஓரகத்தி நடுவில் புகுந்தாள். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் கையை மடிப்புக்காரியின் கைமேல் பொத்தி வைத்துக்கொண்டாள். "வாங்கக்கா, ரெண்டு பேரும் சேர்ந்து போடுவோம். மொதல்ல கொம்பு. ஆங், அப்படித்தான். இப்ப சுழி. பாருங்க, எவ்வளவு அழகா வருது!"

என்ன பொறுமை, என்ன கனிவு! கூடப் பிறந்தவள்கூட இப்படிக் கைபிடித்துச் சொல்லித் தரமாட்டாள் என்று மடிப்புக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அவள் அப்படித்தான். யாராவது கொஞ்சம் தணிவாகப் பேசிவிட்டால் உருகிப்போய்விடுவாள்.

அவள் வேலை ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். அழுக்கு விரிப்புகளைப் பிரித்துப் போட்டு, வெளுத்து வந்ததும் மடித்து, வார்டு வாரியாக அடுக்கிக் கட்டவேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. அங்கே யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மடிப்புக்காரி என்றால்தான் தெரியும். புருஷன் எலெக்ட்ரீஷியன். போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. அவனும் தம்பியும் பாதிப் பாதி போட்டுக் கட்டிய வீடுதான் இது. முன்பக்கம் தம்பி குடும்பம், பின்பக்கம் ஓர் அறையும் அடுப்படியுமாக இவள். தண்ணீர் இணைப்பு இன்னும் செத்துப்போனவன் பேரில் இருக்கிறது, அதை மாற்றவேண்டும், ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று கொழுந்தன் சொல்லியிருந்தான். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஓரகத்தி சாதாரண ஆள் இல்லை. செவ்வாயும் சனியும் சாயங்காலம் சமூகக் கூடத்து மாடியில் நடக்கும் பெரியவர்கள் எழுத்தறிவு வகுப்பில் சம்பளம் வாங்காமல் பாடம் சொல்லித் தருகிறாள். தெருவே அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடும். பத்திரிகையில் இரண்டு தடவை படம் வந்திருக்கிறது. ஒரு படத்தில் மடிப்புக்காரியின் தோளில் கைபோட்டபடி சிரிக்கிறாள்.

அந்த வகுப்பின் பதிவேட்டில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு: பெயர் எழுதுவார், எழுதமாட்டார். எழுதுவார் என்று டிக் விழுந்துவிட்டால் முடிந்தது கதை, அந்த ஆள் கணக்கில் படித்தவர். மடிப்புக்காரிக்குப் போன மாதமே டிக் விழுந்து, சான்றிதழும் வந்து, கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியும் ஆகிவிட்டது. 'முழு எழுத்தறிவு பெற்றவர்' என்று அதில் பெரிதாக அச்சடித்திருக்கிறது. அதைத்தான் அவளால் படிக்க முடியவில்லை. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

கூட உட்கார்ந்திருந்த தையல்காரியும் காய்கறி வண்டிக்காரரும் பால், பஸ், பூட்டு என்று எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மடிப்புக்காரிக்கு மட்டும் அதே ஐந்து எழுத்து. அதையும் அவள் எழுதவில்லை, வரைந்தாள். எந்த எழுத்துக்கு என்ன சத்தம் என்றே தெரியாது. ஒருநாள் ஆசையாகக் கேட்டும் பார்த்தாள்.

"டீச்சர், என் பேருல இந்த எழுத்து இருக்குதே, இது என்ன எழுத்து?"

"அதெல்லாம் கேட்டா குழம்பிடுவீங்கக்கா. பேரு வந்தாப் போதும். இந்த வயசுல மீதியெல்லாம் எதுக்கு, மண்டைய உடைச்சுக்கிட்டு?" என்று பாடப்புத்தகத்தை மெல்ல மூடி எடுத்துக்கொண்டாள் டீச்சரம்மா.

வகுப்பில் மைக்காரர் என்று ஒருவர் உண்டு. பதிவு அலுவலகத்தில் கடைநிலை ஊழியர். கைநாட்டு வைக்க வருகிறவர்களின் கட்டைவிரலைப் பிடித்து ஸ்டாம்ப் பேடில் உருட்டி, காகிதத்தில் பதித்துவிடுவதுதான் இருபது வருஷமாக அவருக்கு வேலை. ஊர்ப்பட்ட பத்திரங்கள் அவர் கையைத் தாண்டிப் போயிருக்கின்றன, ஒன்றிலும் ஒரு எழுத்து அவருக்குப் புரிந்ததில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் வகுப்புக்கு வந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை டீச்சரம்மா அவர் கையில் சாக்குக் கட்டியைக் கொடுத்து, பலகையில் பேரை எழுதச் சொன்னாள்.

"எழுத மாட்டேன் டீச்சர்."

"ஏன், வரலையா?"

"வரும். ஆனா எழுதிப் பழகிக்க மாட்டேன். மொதல்ல எனக்குப் படிக்கச் சொல்லிக்குடுங்க. படிக்க வந்த பெறகு கையெழுத்தைப் பாத்துக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். மைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சிரிக்காதீங்கப்பா. நான் தினம் பாக்குறேன். கைநாட்டு வைக்கிற ஆளுன்னா, பத்திரத்தை முழுசாப் படிச்சுக் காட்டி, புரிஞ்சுதா, சம்மதமான்னு கேட்டுத்தான் விரலைத் தொடச் சொல்லுவாரு எங்க ஆபீசர். அதுவே கையெழுத்துன்னு வச்சுக்கங்க, ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். போட்டியா, போய்க்கிட்டே இரு. படிச்சுத்தானே போட்டேன்னு ஆயிடும். அரைகுறையா பேரு மட்டும் எழுதத் தெரிஞ்சவன் மாதிரி ஏமாளி எவனும் கெடையாது. கைநாட்டுக்காரனையாச்சும் நாலு பேரு காப்பாத்துவான்."

"போதும், போதும். வகுப்புல அரட்டை வேணாம்" என்றாள் டீச்சரம்மா. சொல்லும்போது அவள் மைக்காரரைப் பார்க்கவில்லை. சட்டென்று மடிப்புக்காரியைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஒன்றுமே எழுதாத பலகையை அழிக்கத் தொடங்கினாள்.

அந்தப் பார்வைதான் மடிப்புக்காரிக்கு நெஞ்சில் தைத்தது.

மறுநாள் சலவைக்கூடத்தில் அவள் கை தன்பாட்டுக்கு மடித்துக்கொண்டிருந்தது, மனம் மூன்று மாதத்தையும் ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்த்தது. தண்ணீர் இணைப்புக்கு எதற்குப் பதிவு ஆபீஸ்? பேருக்கு மேல் ஒரு எழுத்துகூட ஏன் கூடாது? போன மாதம் முன்னறையில் யாரோ இருவர் வந்து சுவர்களை டேப் வைத்து அளந்தார்களே, அது எதற்கு? கேட்டதற்கு, பெயின்ட் அடிக்க என்றான் கொழுந்தன். பின்பக்கத்து அறையையும் அல்லவா அளந்தார்கள்.

ரத்தமும் சீழும் காய்ந்த விரிப்புகளைப் பதினெட்டு வருஷமாகத் தொட்டுப் பிரித்துப் போட்டவள் அவள். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள், இவள் அசையமாட்டாள். ஒருநாளும் குமட்டாத அவளுக்கு இன்று ஓரகத்தியின் கையை நினைத்ததும் குமட்டியது. அந்த மெத்தென்ற கை, தன் கைமேல் பொத்திய கை, "அப்படித்தான்கா" என்று தட்டிக்கொடுத்த கை. நேரே வந்து கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தால்கூட இவ்வளவு அருவருப்பாக இருந்திருக்காது. சீ, படிப்புச் சொல்லித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டா இதைச் செய்வார்கள்!

குழாயடிக்குப் போய் கையை முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. நாம் ஏதாவது தப்பாக நினைத்துவிட்டோமோ என்று சாயங்காலம் வீட்டில் ஒரு வார்த்தை விட்டுப் பார்த்தாள்.

"தம்பி, கொம்பு இன்னும் சரியா வரமாட்டேங்குது. பேசாம நாளைக்குக் கைநாட்டு வச்சிடட்டுமா?"

கொழுந்தன் துள்ளி எழுந்தான். "என்னது, கைநாட்டா? நம்ம வீட்டு மானம் என்னாகிறது? டீச்சர் வீட்டுலேயே ஒரு கைநாட்டுன்னு ஊரு சிரிக்காது?"

"ஆமாக்கா, அசிங்கம்" என்றாள் ஓரகத்தி. "சான்றிதழெல்லாம் வாங்கினவங்க நீங்க. கொம்பு கோணலா இருந்தாலும் பரவாயில்ல. கையெழுத்துதான் போடணும்."

நேற்றுவரை கொம்புக்காக மேசையில் தட்டியவர்கள், இன்று கோணல் கொம்பே போதும் என்கிறார்கள். மடிப்புக்காரி "சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். புருஷன் தன் கையால் ஒயர் இழுத்துப் பொருத்திய சுவிட்சைப் போட்டாள். நாளைக்கு ஒரு கையெழுத்தில் இந்த அறை தன்னுடையது இல்லாமல் போய்விடும், தெருவில்தான் நிற்கவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லாமலே புரிந்துவிட்டது.

வியாழக்கிழமை பதிவு அலுவலகத்தில் நல்ல கூட்டம். அதிகாரி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்.

"எழுதப் படிக்கத் தெரியுமாம்மா?"

"ஓ, நல்லாத் தெரியும் சார்" என்று முந்திக்கொண்டாள் ஓரகத்தி. "நான்தான் சொல்லிக்குடுத்தேன். இதோ, இங்கதான் அக்கா, போடுங்க." பேனா மூடியைத் திறந்து இவள் விரல்களுக்கு நடுவில் செருகினாள்.

மடிப்புக்காரி பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் கைநாட்டு."

"அக்கா, என்ன விளையாட்டு இது?"

"அண்ணிக்குப் பயம் சார். பெரிய ஆபீசைப் பாத்ததும் கை ஓடல" என்று இளித்தான் கொழுந்தன். "வீட்டுல நூறு தடவ போட்டாங்க. அண்ணி, போடுங்க அண்ணி."

"தெரியாதுங்க" என்றாள் மறுபடியும். இடது கட்டைவிரலை நீட்டினாள். ஸ்டாம்ப் பேடோடு ஓரமாக நின்றிருந்த மைக்காரர் அந்த விரலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், பேடைத் தன் பக்கம் இழுத்து மூடிக்கொண்டார்.

"சார், படிச்சுக் காட்டணும்" என்றார் அதிகாரியிடம்.

அதிகாரிக்கு எரிச்சல்தான். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துப் பெருமூச்சு விட்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"என் கணவரின் மறைவால் எனக்குச் சேரவேண்டிய பாதி வீட்டின் மீதான சகல உரிமைகளையும், கணவரின் தம்பி மேல் எனக்குள்ள அன்பினாலும் பாசத்தினாலும், எவருடைய தூண்டுதலும் இல்லாமல், முழு மனதோடு விட்டுக்கொடுக்கிறேன். இன்றிலிருந்து முப்பது நாட்களுக்குள் நான் குடியிருக்கும் பகுதியைக் காலி செய்து ஒப்படைப்பேன். இந்தப் பத்திரத்தை நானே படித்துப் பார்த்து, சரியெனக் கண்டு..."

அவர் நிறுத்திவிட்டார். பெஞ்சில் காத்திருந்தவர்களில் ஒருத்தி "அடப் பாவிங்களா!" என்றாள். கொழுந்தன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். ஓரகத்தி சுவரில் தொங்கிய அறிவிப்புப் பலகையை ஏதோ பரீட்சைக்குப் படிப்பவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பது நாள். அன்பாம், பாசமாம். மடிப்புக்காரிக்கு அழுகை வரவில்லை. எச்சிலைக் கூட்டி யார் முகத்திலாவது துப்பவேண்டும்போல இருந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"புரிஞ்சுதாம்மா? சம்மதமா?"

"நல்லாப் புரிஞ்சுதுங்க. சம்மதம் இல்லைங்க."

"அப்ப அதை எழுதிக்கணும். இல்லன்னா நாளைக்கு வேற பேச்சு வரும்" என்று அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இரண்டு வரி எழுதினார். அவள் கேட்காமலே படித்தும் காட்டினார். "என் பங்கை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்குச் சம்மதம் இல்லை. அந்த வீட்டிலேயே குடியிருப்பேன். போதுமா? கீழ விரலை வைம்மா."

மடிப்புக்காரி விரலை வைக்கவில்லை. மேசையில் கிடந்த பேனாவை எடுத்தாள். நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஐந்து எழுத்தையும் போட்டாள்.

அதிகாரி தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "எழுதத் தெரியாதுன்னியேம்மா?"

"படிச்சுக் காட்டாத காகிதத்துல எழுத வராதுங்க."

மைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கொழுந்தனுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. அத்தனை பேர் முன்னாலும் பெண்டாட்டியைப் பார்த்துக் கத்தினான்.

"சமூக சேவையாம், மண்ணாங்கட்டியாம்! பொம்பளைங்களுக்கு எழுத்துச் சொல்லிக்குடுத்தா இப்படித்தான் ஆகும்! இப்பத் திருப்தியா உனக்கு?"

"அவளை ஏன் தம்பி திட்டுறீங்க?" என்றாள் மடிப்புக்காரி. "அவ எனக்கு ஒரு எழுத்துகூடச் சொல்லிக்குடுக்கலியே."

பிறகு ஓரகத்தியின் பக்கம் திரும்பினாள்.

"சனிக்கிழமை வகுப்புக்கு வருவேன். எல்லாரும் இருப்பாங்க. அங்க வச்சு, 'அ'விலேருந்து ஆரம்பி."