பர்ஜ் செய்யப்படும்

நாளிதழில் தொழில்நுட்பப் பக்கம் எழுதுகிறவருக்கு அலுவலகத்தில் 'பிரௌசர்' என்று பட்டப்பெயர். எந்தப் பேச்சை எடுத்தாலும் "இனிமே எல்லாம் பிரௌசர்லதான்" என்று முடிப்பார். கணினியில் ஏற்றி வைக்கும் மென்பொருளுக்கெல்லாம் காலம் முடிந்தது, இணையத்திலேயே திறந்து இணையத்திலேயே மூடுகிற செயலிகள்தான் இனி ராஜா என்று பன்னிரண்டு வருடமாக வாரம் தவறாமல் எழுதினார். அப்படியே நடக்கவும் நடந்தது. மனிதருக்குத் தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்?

அவருக்கு ஒரு பிடிவாதம். எந்தச் சொல்லையும் விளக்க மாட்டார். விளக்கினால் கெத்து போய்விடும் என்று நினைப்பு. பெயர் பெற்ற ஒரு குறிப்பேட்டுச் செயலி முழுக்க இணையத்துக்கு மாறுவதைப் பற்றி அவர் எழுதியபோது, மெய்ப்புப் பார்க்கும் அம்மாள் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சார், 'லெகசி கிளையன்ட் சன்செட் ஆகிறது; மாத முடிவுக்குள் மைக்ரேட் ஆகாத டேட்டா பர்ஜ் செய்யப்படும்'னு போட்டிருக்கீங்க. படிக்கறவங்களுக்கு ஒரு எழவும் புரியாது. பழசு நின்னுடும், மாத்திக்கலைன்னா உள்ளே இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும்னு எழுதிடட்டுமா?"

"மேடம், என் பக்கத்தைப் படிக்கறவங்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. கைய வைக்காதீங்க."

அந்த அம்மாள் கை வைக்கவில்லை. அவருக்கு வேறு ஏழு பக்கம் காத்திருந்தது.

உண்மையில் அந்தப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்த ஆள் பிரௌசரின் அக்காதான். தம்பி பெயர் அச்சில் வந்தால் அவளுக்கு வாயெல்லாம் பல். கத்தரித்து, தேதி போட்டு, அட்டைக் கோப்பில் சேர்த்து வைப்பாள். புரிகிறதா என்று அவர் கேட்டதில்லை. புரியவில்லை என்று அவளும் சொன்னதில்லை.

அந்தக் குறிப்பேட்டுச் செயலியை அக்கா வீட்டுக் கணினியில் போட்டுக் கொடுத்தவரே அவர்தான். அத்தானுக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்து குரல் போயிருந்த சமயம் அது. அக்கா வாயால் பேசுவாள், அத்தான் தட்டச்சில் பதில் சொல்வார். எட்டு மாதம் அந்த வீட்டில் குடித்தனம் அப்படித்தான் நடந்தது. 'ஜன்னலைச் சாத்து, கால் சில்லுன்னு இருக்கு.' 'உன் தம்பி போன் பண்ணா நான் தூங்கறேன்னு சொல்லு, ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான்.' 'அழாதே, மூக்கு சிவந்துபோச்சு பார்.' அத்தான் போன பிறகு, தினமும் மத்தியானம் சாப்பிட்டு முடித்து அக்கா அதைத் திறந்து நாலு பக்கம் படிப்பாள். ஒவ்வொரு வரிக்கும் தன் பதிலை மறுபடி வாய்விட்டுச் சொல்வாள்.

கட்டுரை வந்த அன்று அவள் போன் செய்தாள். அவர் ஏதோ ஒரு புதுச் செயலியின் அறிமுக விழாவில், கையில் பழச்சாறும் சுற்றிலும் நாலு பேருமாக நின்றிருந்தார்.

"தம்பி, இன்னைக்கு எழுதியிருக்கியே, அது நம்ம வீட்டுல இருக்கறதுதானே? நான் ஏதாவது செய்யணுமாடா?"

"எல்லாம் அதுலயே விவரமா இருக்குக்கா. படிச்சுப் பாரு."

"படிச்சேன். நல்லா இருந்துச்சு."

"அப்புறமென்ன?"

அவள் வைத்துவிட்டாள். பள்ளிக்கூட நாளில் அவளை மக்கு என்று கூப்பிட்டுப் பழகியவர் அவர். இரண்டாம் தடவை கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. இதெல்லாம் அவருக்குப் பின்னால்தான் உறைத்தது.

அடுத்த மாதம் நாலாம் தேதி, அக்கா மறுபடி கூப்பிட்டாள். "என்னமோ வெள்ளையா ஒரு பக்கம் வருதுடா. அவர் எழுதினது ஒண்ணையும் காணோம்." அவர் பாதி எழுதிய கட்டுரையை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். அக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டுக் காத்திருந்தாள். தம்பி வந்துவிட்டான், இனிக் கவலையில்லை என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அவருக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் காட்டிப் பார்த்தார். நிறுவனத்துக்கு எழுதினார், தெரிந்தவர் காலில் விழாத குறையாகக் கேட்டார். மூன்றாம் நாள் பதில் வந்தது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"இதுல என்னடா சொல்றாங்க?"

பதிலில் இருந்த சொல் ஒவ்வொன்றும் அவர் ஆயிரம் தடவை எழுதியதுதான். அதில் ஒன்றைக்கூட அவளிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

"அழிச்சிட்டாங்கக்கா. திரும்ப வராது."

"பர்ஜ்னா அழிக்கறதா?"

"ஆமாக்கா."

"நான் மூணு தடவை படிச்சேன். பத்திரமா எடுத்து வைக்கறதுன்னு நினைச்சுக்கிட்டேன். நீ அவ்வளவு சந்தோஷமா எழுதியிருந்தே."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. ஏதாவது செய்தாக வேண்டும் என்று பையிலிருந்து காகிதத்தையும் பேனாவையும் எடுத்தார்.

"ஞாபகம் இருக்கறதைச் சொல்லுக்கா, எழுதி வெச்சுக்கலாம். கடைசி நாள் என்ன எழுதினார்?"

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"அந்தப் பக்கத்தை மட்டும் அவர் போனப்புறம் நான் திறக்கவே இல்லடா. தைரியம் வரட்டும்னு விட்டு வெச்சிருந்தேன். அன்னைக்கு நான் சொன்னதுதான் ஞாபகம் இருக்கு. 'சரிங்க, அப்படியே செய்யறேன்'னு சொன்னேன். என்ன செய்யச் சொன்னார்னுதான் தெரியல."