எச்சரிக்கை காட்ட வேண்டாம்

கத்தினால் நானும் கத்திவிடலாம். சிரிக்கிறானே. அண்ணன் இப்படிச் சிரித்தால் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டான் என்று அர்த்தம்.

என் மேசை விளிம்பில் உட்கார்ந்து, திரையில் ஓடும் மஞ்சள் வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகள். புரோகிராமின் இந்த வரி பழைய முறையில் எழுதியது, கணினி மொழியின் அடுத்த பதிப்பில் இதன் பொருள் மாறும் என்றது ஒவ்வொன்றும். பக்கத்திலேயே அந்த வரியை எழுதியவர் பெயர். ஆயிரத்துக்கு மேல் அண்ணன் பெயர்தான்.

நான்கு வருடங்களுக்கு முன், எல்லோரும் பயன்படுத்தும் பொதுக் கோப்பின் தொடக்கத்தில், எச்சரிக்கை எதையும் காட்ட வேண்டாம் என்று அவன் ஒரு வரி போட்டு வைத்திருந்தான். செவ்வாய்க்கிழமை அதை நான் எடுத்தேன். அன்றிலிருந்து என்னோடு டீ குடிக்க யாரும் எழுந்து வருவதில்லை. முடிவே இல்லாமல் வரிகளை நீட்டி எழுதுவதால் 'ரயில்' என்று பெயரெடுத்த சீனியர், கூடப்பிறந்தவளே குழி பறிக்கிறாள் என்று என் காதில் விழும்படி சொன்னார். அண்ணி என் போனை எடுப்பதில்லை.

பழைய பதிப்பில் இருபத்தைந்தை இரண்டால் வகுத்தால் பன்னிரண்டு, மிச்சம் உதிர்ந்துவிடும். புதியதில் பன்னிரண்டரை. புரோகிராம் நிற்காது, முறைக்காது, பாட்டுக்கு ஓடும். ஆனால் எங்களுடையது குழந்தைகள் வார்டில் நரம்பு வழியாக மருந்து ஏற்றும் கருவிக்கு வேகம் சொல்கிற புரோகிராம். அந்தக் கருவிக்குத் தசமப் புள்ளி தெரியாது. நேற்று ஆபீஸிலிருக்கும் மாதிரிக் கருவியில் புதிய பதிப்பை ஓட்டிப் பார்த்தேன். 12.5 அனுப்பினேன், 125 என்று எடுத்துக்கொண்டது. பையிலிருந்த தண்ணீர் கண்ணெதிரே வடிந்து தீர்ந்தது.

பழைய வரிகளைத் திருத்தப் பத்து நாள் அவகாசம் கேட்டேன். திங்கட்கிழமை புதிய பதிப்புக்கு மாறுவதாகக் கையெழுத்துப் போட்டாயிற்று, நாளை ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள், திரையில் ஒரு மஞ்சள்கூட இருக்கக் கூடாது என்றான்.

"அண்ணன் பேரு மஞ்சள் மஞ்சளா ஓடணும். அதானே உன் ஆசை?"

"பேரு தெரியாம பண்ணிடறேன்ணா. ஆனா அந்தப் பழைய வரிங்களை மாத்தாம அனுப்பக் கூடாது."

"உன்னை இந்த நாற்காலில உக்கார வச்சதே நான்தான். ஞாபகம் இருக்கட்டும்."

கீபோர்டை என் பக்கம் தள்ளினான். எச்சரிக்கையை மறைக்கும் அந்த ஒரு வரியைத் திரும்பப் போட அவனுக்கென்ன தெரியாதா? மாற்றியது யார் என்பதும் கூடவே பதிவாகும். அந்த இடத்தில் அவனுக்கு என் பெயர் வேண்டும்.

போட்டுத் தொலையேன், சாயங்காலத்துக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எனக்குள் ஒருத்தி கெஞ்சினாள். அவளை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அண்ணன் உடைத்ததற்கெல்லாம் அடி வாங்கியவள்.

"நீ எடுத்ததை நீயே வச்சிடு. இப்பவே."

இப்போது அவன் சிரிக்கவில்லை. பக்கத்து மேசையில் ரயில் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

கீபோர்டை அண்ணன் பக்கம் மெல்ல நகர்த்தினேன்.

"நான் போட மாட்டேண்ணா," என்றேன்.