முதல் தெரு அழகி

ரோசெண்டாவுக்கு நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே பெட்டிக்கடை நடத்துகிறவள். கூடைப்பந்து என்றால் அவளுக்கு உயிர். ஆனால் ஊர் ஆடுகளத்தின் வாசலில் மூன்று படிகள். அதனால் ஒன்பது வருடமாக வேலிக்கு வெளியே இருந்து, முன்னால் நிற்கிறவர்களின் முதுகையும் முதுகுக்குக் கீழே உள்ளதையும்தான் பார்த்து வந்தாள். யார் பந்து போட்டார்கள் என்பதைக் கூச்சலை வைத்து யூகிக்க வேண்டும். அந்த எரிச்சல் அவளுக்குத் தீரவே இல்லை.

போன வருடம் ஊர்த்தலைவர் எலுதேரியோ படியோரம் ஒரு சரிவுப்பாதை கட்டினார். அதாவது, கட்டிப் படம் எடுத்துக்கொண்டார். நாலு முழ நீளம், சுவர் மாதிரிச் செங்குத்து. அதன் மேல் அவர் பெயர் மட்டும் தாராளமாகக் காலை நீட்டிப் படுத்திருந்தது.

இந்த வருடப் போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது, முதல் தெரு அணியின் டாண்டோய் தலையைச் சொறிந்துகொண்டு கடைக்கு வந்தான். தொடக்க ஊர்வலத்தில் ஒவ்வோர் அணிக்கும் முன்னால் தோளில் பட்டுப்பட்டை போட்ட ஓர் அழகி வந்தாக வேண்டும். இவர்களுடைய அழகியோ மூன்றாம் தெருக்காரனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"அழகி இல்லாட்டி முதல் ஆட்டம் போச்சுக்கா."

"விதி என்னடா சொல்லுது?"

"அதே தெருக்காரியா இருக்கணும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. தலைவர் எழுதினது."

"வயசு?"

"அது... எழுதலையே."

"அப்புறம் என்ன முழிக்கிற? பட்டையைக் கொண்டா. பெருசா பார்த்துக் கொண்டா, எனக்கு உடம்பு ஜாஸ்தி."

ஞாயிறு காலை ஏழு தெரு அணிகளும் வரிசை கட்டின. உள்ளே மரமேடையில் மேயர் விசிறிக்கொண்டிருந்தார். முதல் தெருவின் முன்னால் சிவப்பு கவுனும் உதட்டுச் சாயமுமாக ரோசெண்டா. வாசலுக்கு வந்ததும் பிரேக்கைப் போட்டாள். தலைவர் விழுந்தடித்து ஓடிவந்தார்.

"நாலு பசங்க தூக்கிருவாங்க ரோசெண்டா, ரெண்டே நிமிஷம்."

"தூக்கிட்டுப் போக நான் என்ன தேர்ப்பவனி மாதாவா? எனக்குன்னுதானே பாதை கட்டினீங்க தலைவரே?"

"சரி, ஒதுங்கு. மத்தவங்க முன்னாடி போகட்டும்."

"முதல் தெருதான் முதல்லன்னு நீங்கதானே எழுதினீங்க?"

பின்னால் ஆறு அழகிகளின் முகப்பூச்சு வெயிலில் வழியத் தொடங்கியது. வாத்தியக்காரர்கள் அதே பாட்டை நாலாவது முறை வாசித்தார்கள். பொறுக்க முடியாமல் மேயரே வாசலுக்கு வந்து, குனிந்து, சரிவில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இதுல ஆடாவது ஏறுமா தலைவரே?"

தலைவரின் முகம் சுண்டிப்போனது. பலகை கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். பக்கத்தில் இருந்த ஒரே பலகை மேடைப் பலகைதான். கால் மணி நேரத்தில் மேடை கழன்று, வாசலில் நீளமான சாய்வாகக் கிடந்தது. மேயருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது.

ரோசெண்டா தன் கையாலேயே சக்கரத்தை உருட்டி உள்ளே போனாள். கூட்டத்தின் விசில் காதைப் பிளந்தது.

தலைவர் படம் எடுக்க வந்தவனைப் பார்த்துச் சிரித்தபடியே அவள் காதருகே குனிந்தார். "இப்ப சந்தோஷமா? ஆட்டம் ஆரம்பிச்சதும் பலகையைக் கழட்டிருவேன்."

"தாராளமா கழட்டுங்க. நான் வெளிய எப்படிப் போறது?"

அவர் யோசிப்பதற்குள் ஆடுகளத்தின் நடுவட்டத்துக்குப் போய் இரண்டு பிரேக்கையும் அழுத்தினாள். "பரவால்ல, இங்கயே இருந்துக்கிறேன். வேளாவேளைக்குச் சோறு மட்டும் அனுப்பிவிடுங்க."

நடுவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். மேயர் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"நாளைக்கே சிமெண்டுல புதுப் பாதை!"

"எம்மாம் நீளம்?" என்று நடுவட்டத்திலிருந்து கேள்வி வந்தது.

"இந்தப் பலகை நீளம்!"

"அதுவரைக்கும் பலகை?"

"கிடக்கும், கிடக்கும்! நகரு தாயே!"

அவள் நகர்ந்து கோட்டோரம், ஆட்டக்காரர்களின் வியர்வை தெறிக்கிற தூரத்தில் நிறுத்திக்கொண்டாள். முதல் தெரு முப்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. டாண்டோய் தொங்கிய முகத்தோடு வந்தான்.

"மன்னிச்சுக்கோக்கா. ரொம்பக் கேவலமா ஆடிட்டோம்."

"ஆமாண்டா," என்றாள் ரோசெண்டா, முகமெல்லாம் பல்லாக. "ஒண்ணுவிடாமப் பார்த்தேன்."