அப்பா பேசிய நாள்

டிரைவிங் ஸ்கூல் வாத்தியாருக்குத் தொண்டைதான் சோறு போட்டது. "கிளட்ச்ச மிதிங்க, மிதிங்கன்னா மிதிங்க!" என்று கத்திக் கத்தியே ஊரில் பாதிப் பேரை ஸ்டியரிங் பிடிக்க வைத்த மனுஷன். கட்டி வந்து உட்கார இடமா இல்லை? அதே தொண்டையில் வந்து உட்கார்ந்தது. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒரே மகள் படிப்பது சினிமா கல்லூரியில். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். வருஷக் கடைசியில் ஆளுக்கொரு ஆவணப்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்பாவைத்தான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மார்க்குக்காக என்று வெளியில் சொல்லிக்கொண்டாள். போவதற்குள் அந்தக் குரலைப் பிடித்து வைத்துவிட வேண்டும் என்று உள்ளே அடித்துக்கொண்டது அவளுக்கல்லவா தெரியும்!

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள், டிரைவிங் ஸ்கூல் காரிலேயே ஷூட்டிங். அப்பா முன்சீட்டில், வாலு பின்சீட்டில். கல்லூரி கொடுத்த கேமராவில் மைக் எப்போதோ செத்துப்போயிருந்தது. அதனால் அப்பா சட்டையில் ஒரு மைக், சீட்டுக்கடியில் ரெக்கார்டர். அதில் ஒரே பொத்தான்தான். ஒருமுறை அமுக்கினால் ஓடும், மறுமுறை அமுக்கினால் நிற்கும். அமுக்கி, "ஒண்ணு, ரெண்டு" என்று சோதித்துப் பார்த்துக்கொண்டாள்.

"அப்பா, ஆக்‌ஷன்னு சொன்னப்புறம்தான் பேசணும். கட்டுன்னா வாயத் திறக்கவே கூடாது. தொண்டைய வீணாக்காதீங்க, என்ன?"

"ம்," என்றார் அப்பா, நல்ல பிள்ளையாக.

பிறகு பேசினார் பாருங்கள், அப்படியொரு பேச்சு! கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த அம்மா, முதல் நாளே காரைக் குப்பைத்தொட்டியில் கொண்டுபோய் இடித்த கதை. அந்த இடியே கல்யாணத்தில் முடிந்த கதை. கட் என்றதும் கப்சிப். கடைசி ஷாட்டில் கண்ணாடி வழியாக மகளைப் பார்த்து நிதானமாக ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்தா ஃபோகஸ் நழுவ வேண்டும்! அவள் கவனமெல்லாம் லென்ஸில். ரெக்கார்டரில்தான் இருக்கிறதே, அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்தார். அதன் பிறகுதான் வாலு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் தலையில் இடி விழுந்தது.

சோதிப்பதற்காக அமுக்கியவள் ரெக்கார்டரை நிறுத்தவேயில்லை. அதற்கப்புறம் எல்லாமே தலைகீழ். ஆக்‌ஷன் என்று அமுக்கும்போதெல்லாம் நின்றிருக்கிறது, கட் என்று அமுக்கும்போதெல்லாம் ஓடியிருக்கிறது. சீட்டுக்கடியில் எரிகிற விளக்கை யார் குனிந்து பார்த்தார்கள்? படத்தில் அப்பா வாயசைக்கிறார், சிரிக்கிறார், கையை ஆட்டுகிறார். ஒரு சத்தம் இல்லை. சத்தம் இருக்கிற இடத்திலெல்லாம் மகள் சொன்ன பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்பா பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை. திரையில் தன்னைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"அப்பா, கடைசியா கண்ணாடியில என்னப் பாத்து என்ன சொன்னீங்க?"

யோசித்தார். நெற்றியைத் தட்டிப் பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கிக் கையை விரித்தார். அவருக்கும் மறந்துபோயிருந்தது.

அதற்குள் அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "அவர் பேசறதப் போடுறியா? இருடி, நானும் கேக்கறேன். இந்த வீடு என்னமோ ஆளில்லாத வீடு மாதிரி ஆயிடுச்சு." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நல்லா சத்தமா வை."

இல்லை என்று சொல்ல வாலுவுக்கு வாய் வரவில்லை. இருந்ததைப் போட்டாள்.

"கட்டுன்னா வாயத் திறக்கவே கூடாது. தொண்டைய வீணாக்காதீங்க, என்ன?"

"ம்."

அம்மா முகமெல்லாம் மலர்ந்து, புடவைத் தலைப்பைப் பிடித்தபடி காத்திருந்தாள். அப்பாவும் அவள் தோளில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அப்புறம்?" என்றாள் அம்மா.

"அவ்வளவுதாம்மா."