வாய்க்காலுக்கு அக்கரையில் இருந்தவள்

ஹிண்டா லாஸ்கர் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். ஊசிக்குப் பயப்படுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தே காலம் தள்ளியவள். அதனால் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டு மிரளுகிறவர்கள்கூட அவளிடம் வாய் திறந்துவிடுவார்கள். ஆஸ்திரேலியாவில் ஷெப்பர்டன் பக்கத்துப் பழத்தோட்டங்களில் ருஷ்யாவிலிருந்து வந்து வேர்விட்ட எங்கள் யூதக் குடும்பங்களின் கதைகளை அவள்தான் வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்தாள். பதிவுகளுக்கு எண் போட்டுப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. ஜெபக்கூடம் மூடிப் பல காலமாயிற்று. பிள்ளைகள் மெல்போர்னுக்குப் போய்விட்டார்கள். இருக்கிறவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

ஊர் இடுகாட்டில் எங்கள் பகுதியில், வேலியோரமாக ஒரு சின்னக் கல்லறை இருந்தது. அதில் பெயர் கிடையாது. முன்பு நட்டிருந்த மரப்பலகையும், அடக்கக் குழுவின் பழைய காகிதங்களும் ஒரே வெள்ளத்தில் போய்விட்டன. பேட்டி கொடுத்த எல்லோரிடமும் ஹிண்டா கடைசியில் அதைப் பற்றிக் கேட்பாள். ஒருவர் பையன் என்பார். இன்னொருவர் பிறந்தவுடன் இறந்த சிசு என்பார். பெயர் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

"நம்ம ஆளுங்க எல்லாரையும் கேட்டாச்சு, விடு" என்று ஒருநாள் நான் சலித்துக்கொண்டேன்.

"அப்போ நம்ம ஆளுங்க இல்லாதவங்களைக் கேப்போம்" என்றாள்.

எனக்கு அது தோன்றியதே இல்லை. எங்கள் தோட்டங்களுக்கு நடுவே இத்தாலியக் குடும்பங்கள் தக்காளி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மிச்சமிருந்த மூத்தவள் அசுந்தா மர்ராஸி. தொண்ணூறை நெருங்கியவள், காது கொஞ்சம் மந்தம். ஹிண்டா கருவியோடு அவள் வீட்டுக்குப் போனாள். யூத உணவு விதியான கோஷர் பார்க்கிறவள் என்பதால், அங்கே வைத்த கேக்கைத் தொடவில்லை. அசுந்தாவுக்கு அது பொறுக்கவில்லை.

"என் வீட்டுல ஒரு துண்டு கேக் சாப்பிட மாட்டே. அப்புறம் என்கிட்ட என்னத்தைக் கேக்க வந்தே?"

"பழம் குடுங்க, கூடையோட சாப்பிடறேன்" என்றாள் ஹிண்டா.

அந்தக் கிழவி சிரித்ததில் பாதி வேலை முடிந்துவிட்டது. பீச் பழத்தை நறுக்கிக்கொண்டே தன் கல்யாணம், வறட்சி, பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை வேலை என்று பேசிக்கொண்டு போனாள். ஹிண்டா குறுக்கிடவே இல்லை. பிறகு, சிறுவயதில் யாரோடு விளையாடினீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உங்காளு வீடு ஒண்ணு. அங்க ஃப்ரூம்கேன்னு ஒரு பொண்ணு. அவ பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. ஆனா நாள் பூரா சண்டை போடுவோம்."

தொண்டை அடைப்பான் வந்து ஃப்ரூம்கே இறந்துவிட்டாள். ஒட்டிக்கொள்ளும் என்று அசுந்தாவை வாய்க்காலைத் தாண்ட விடவில்லை. குழி வெட்ட அசுந்தாவின் அப்பா போய் உதவினார். வேலியோரமாக வைத்தோம் என்று வந்து சொன்னார்.

"அவ அம்மா சாயங்காலமானா கரையில நின்னு கூப்பிடுவாங்க. ஃப்ரூம்கே, கும் அஹெய்ம். அவ போன பிறகும் வந்து நின்னு அதையே கூப்பிட்டாங்க. எங்கம்மா ஜன்னலைச் சாத்திட்டு அழுவா. பழம் பறிச்சு முடிஞ்சதும் அந்தக் குடும்பம் ஊரை விட்டே போயிடுச்சு."

அந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரியுமா என்று ஹிண்டா கேட்டாள்.

"தெரியாது. வீட்டுக்கு வான்னுதானே இருக்கும்? அம்மாக்காரி வேற என்னத்தைக் கூப்பிடுவா?"

அந்தக் கல்லறையில் பெயரோடு கல் வைப்பதற்கு இடுகாட்டுக் குழுவின் அனுமதி வேண்டும். அதன் தலைவர் லியோ ஸாக்ஸ் பழைய வக்கீல். ஹிண்டாவோடு பள்ளியில் படித்தவர். எவ்விதச் சான்றும் இல்லாமல் வாய்ப்பேச்சை நம்பிக் கல்லில் பெயர் வெட்டக் கூடாது, தப்பென்றால் அழிக்கவா முடியும் என்று கேட்டார்.

"நீ பொறந்தது உனக்கு ஞாபகமிருக்கா லியோ? உங்கம்மா சொல்லித்தானே நம்பினே?"

எல்லோரும் சிரித்தார்கள். லியோ சிரிக்கவில்லை. ஹிண்டா மேற்கொண்டு வாதாடாமல் அசுந்தாவின் பதிவை ஓடவிட்டாள். இத்தாலிய வாய் எங்கள் இத்திஷ் மொழியில் அந்தக் குழந்தையைக் கூப்பிட்டது. அந்த வார்த்தைகளைக் கேட்டு விளையாட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடியவர்கள்தான் நாங்கள் எல்லோரும். லியோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேர் மட்டும் போடுவோம்" என்றார். "வருஷம் வேண்டாம். அது நமக்குத் தெரியாது."

ஹிண்டா உடனே ஒத்துக்கொண்டாள். தெரியாததைத் தெரியாது என்று விட்டுவைக்கவும் அவளுக்குத் தெரியும். ஃப்ரூம்கேயின் குடும்பப் பெயர் இன்றுவரை கிடைக்கவில்லை. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.

கல்லைத் திறந்துவைத்த அன்று அசுந்தாவை அவள் மகன் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான். மடியில் ஒரு கொத்துச் செவ்வந்தி. எங்களுக்கு வழக்கம் கூழாங்கல் வைப்பது. கல்லறைக்குப் பூ கொண்டுவருவதில்லை. யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று நான் சுற்றிலும் பார்த்தேன். லியோ குனிந்து, நாங்கள் வைத்த கற்களைக் கையால் ஒதுக்கி, பூ வைக்க இடம் செய்தார்.

அசுந்தா கொத்தை மகனிடம் கொடுத்து அங்கே வைக்கச் சொன்னாள். அப்புறம் ஹிண்டாவைக் கிட்டே கூப்பிட்டு, அக்கரையில் இன்னொரு வீடும் இருந்தது, கோழிப்பண்ணைக்காரர்கள், அவர்களைப் பற்றி யாராவது சொன்னார்களா என்று கேட்டாள்.

ஹிண்டா நாற்காலிப் பக்கத்தில் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் கை பைக்குள் ஒலிப்பதிவுக் கருவியைத் தேடிக்கொண்டிருந்தது.